ஏரிக்கரை வீரக்கல்லுக்கு விழா எடுக்கலாமா?

ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் வீரக்கல்லை நிமிர்த்தி வைத்து, வரும் ஆகஸ்ட் 15 அன்று மாலை போட்டு, ஊர் இளைஞர்களுக்கு "ஊருக்காக உயிரைக் கொடுத்தவர் இவர், நமக்கும் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை இருக்கிறது" என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஊர்ப் பெரியவர் ஒருவர், "மாடு பிடிச் சண்டையில் செத்தவனுக்கு எதற்கு இந்த மரியாதை, எல்லையில் நின்று செத்த சிப்பாயும் இவனும் ஒன்றா?" என்று கேட்டதையும், அதற்கு உங்களால் பதில் சொல்ல முடியாமல் போனதையும் எழுதியிருக்கிறீர்கள். விழா நடத்தலாமா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் உங்களை உறுத்துவது பெரியவரின் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது: ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு சண்டையில் விழுந்தவனிடமிருந்து இன்றைய குடிமகனுக்குப் பெற்றுக்கொள்ள உண்மையில் ஏதாவது இருக்கிறதா, அல்லது நாம்தான் இல்லாத பெருமையை அந்தக் கல்லின்மேல் ஏற்றுகிறோமா? அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் முப்பது ஆண்டுகளாகக் கல்வெட்டுப் படிப்பவன். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து நடுகற்களோடுதான், அதாவது வீரக்கற்களோடுதான், அதிகம் பழகியிருக்கிறேன். தென்மாவட்டக் கற்களில் என் பழக்கம் குறைவு. நீங்கள் அனுப்பிய படத்தில் வில்லேந்திய உருவமும், காலடியில் ஒரு விலங்கும், மேலே இரண்டு மூன்று வரி எழுத்தும் தெரிகின்றன. எழுத்து, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தைப் போல இருக்கிறது. அதற்குமேல் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் உறுதியாகப் படிக்க இயலாது. ஆகவே உங்கள் ஊர்க் கல்லைப் பற்றி அல்லாமல், அந்தக் கல் எந்த மரபைச் சேர்ந்ததோ அந்த மரபைப் பற்றிப் பேசுகிறேன்.

மாடு பிடிச் சண்டை என்றதும் பெரியவர் சந்தைப்பேட்டைத் தகராறை நினைத்திருப்பார். அந்தக் காலத்துக்கு அது பொருந்தாது. 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. பழந்தமிழர் போரை வகைப்படுத்தியபோது, பகைவரின் ஆநிரையை, அதாவது பசுமந்தையை, கவர்வதைப் போரின் தொடக்கமாக வைத்து வெட்சி என்றார்கள். கவர்ந்ததை மீட்பதைக் கரந்தை என்றார்கள். பெரும்படை மோதுவதற்கு முன்பே, எல்லையோரச் சிற்றூரின் மந்தைதான் முதலில் பறிபோகும். மந்தை போன ஊரில் பால் போயிற்று, எரு போயிற்று, அடுத்த உழவுக்கு எருதும் போயிற்று. மானாவாரி நிலத்தில் இரண்டு போகம் தவறினால் ஊர் கலைந்துவிடும். கோட்டையும் அகழியும் அரசனுக்கு இருந்தன. மந்தைக்கு இருந்த கோட்டை, அதை மேய்த்தவனும் அவன் குரல் கேட்டு ஓடி வந்தவர்களும்தான்.

இதன் தொன்மைக்குச் சான்று தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்திலுள்ள புலிமான்கோம்பை. 2006இல் அங்கே, தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ்ப் பிராமியில் எழுதப்பட்ட மூன்று நடுகற்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றின் வாசகம் 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்'. இவ்வளவுதான். கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கொள்ளும் பூசலில், இறந்த பேடு தீயன் அந்தவனின் கல். ஆகோள் என்ற அதே சொல் தொல்காப்பியத்தின் வெட்சித்துறைகளிலும் வருகிறது. இலக்கணத்தில் படித்த சொல்லைக் கல்லில் கண்டபோது எங்களைப் போன்றவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. கல் கி.மு. நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பதில் பெரும்பாலான அறிஞர்கள் ஒத்துப்போகிறார்கள். எந்த நூற்றாண்டு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இப்போது அந்த வாசகத்தை மறுபடி பாருங்கள். அதில் அரசன் இல்லை. யார் வென்றார்கள் என்பது இல்லை. ஒருவன் பெயர் இருக்கிறது, ஓர் ஊர் இருக்கிறது, நடந்தது என்ன என்பது ஒரே சொல்லில் இருக்கிறது. பிற்காலக் கற்களில் அரசன் பெயர் வரும், ஆனால் பெரும்பாலும் ஆண்டைக் குறிப்பதற்காக வரும்: இன்ன மன்னருக்கு இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னார் தொறுக் கொண்ட ஞான்று, அதை மீட்டுப் பட்டான் இன்னான், அவன் கல். தொறு என்றால் மந்தை. ஞான்று என்றால் போது. பட்டான் என்றால் வீழ்ந்தான். கோயில் சுவரில் மன்னனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி பல வரிக்கு நீள்கிற நாட்டில், காட்டோரம் நிற்கும் ஒற்றைக் கல் மன்னனை நாட்காட்டியாக வைத்துக்கொண்டு மந்தைக்காரனைப் பாட்டுடைத் தலைவனாக வைத்தது.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வாணகோ அரசரைச் சார்ந்த பொற்றொக்கையார் என்பவரின் இளமகன் கருந்தேவக்கத்தி, எருமைகளைக் காத்து நின்று பட்டான் என்று அதற்குப் பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள். அவன் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குத் தனியாக எழுத்து இருக்கிறது: கோவிவன் என்னும் நாய், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதாம். நாயின் பெயரை வெட்டிவைத்திருக்கிறார்கள். கல்லில் ஓர் எழுத்து வெட்டுவது எவ்வளவு வேலை என்று உளி பிடித்தவர்களுக்குத் தெரியும். யார் யார் நின்றார்களோ அவர்கள் எல்லோர் பெயரும் நிற்க வேண்டும் என்று அந்த ஊர் நினைத்திருக்கிறது. பெரியவர் திரும்பவும் கேட்டால் இந்தக் கல்லைச் சொல்லுங்கள்.

ஆனால் மேடையில் பேசுவதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கடமான உண்மைகளும் உண்டு. தொறு மீட்டுப் பட்டவனுக்குக் கல் இருப்பதுபோலவே, தொறுக் கொள்ளப் போய்ப் பட்டவனுக்கும் கல் இருக்கிறது. அவன் ஊர் அவனுக்கு நட்டது. புலிமான்கோம்பை அந்தவன் கவரப் போனானா, காக்கப் போனானா என்று கல் சொல்லவில்லை. இன்னும் பல கற்களில் வீரன் ஒரு தலைவனின் சேவகன் என்றோ மகன் என்றோ வருகிறான். இங்கே மகன் என்பதை எப்போதும் பெற்ற பிள்ளை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, படைவீரன் என்ற பொருளும் அதற்கு உண்டு. அவன் தானாக முன்வந்தானா, தலைவன் ஏவியதால் போனானா, போகாமல் இருந்திருக்க முடியுமா என்பதற்கெல்லாம் கல்லில் பதில் இல்லை. ஆகவே "தன் விருப்பத்தோடு ஊருக்காக உயிரை ஈந்தார்" என்று உங்கள் பேனரில் அச்சடிக்காதீர்கள். "இந்தக் கல்லுக்கு உரியவர் மந்தைக்கான சண்டையில் விழுந்தார், இந்த ஊர் அவரை மறக்க மறுத்தது" என்று சொல்லலாம், அதுவும் எழுத்தைப் படித்த பிறகு. ஏனென்றால் எல்லா வீரக்கல்லும் மந்தைக்கல் இல்லை. புலியோடு போராடிச் செத்தவனுக்கும், பன்றியைக் குத்திச் செத்தவனுக்கும் கல் உண்டு. தன் தலையைத் தானே அரிந்து கொற்றவைக்குக் கொடுத்தவனின் சிற்பம் முற்றிலும் வேறு வகை. உங்கள் கல்லின் காலடியில் இருப்பது பசுவா வேறு விலங்கா என்பதே எனக்கு இன்னும் தெளிவில்லை.

அவனுடைய மனம் நமக்கு எட்டாது. ஊரின் செயல் எட்டுகிறது. குடிமைக் கடமை என்று நீங்கள் தேடுவதை நான் அங்கேதான் காண்கிறேன். தொல்காப்பியம் கல் நடும் முறையை ஆறாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். தகுந்த கல்லைப் போய்க் கண்டு தேர்வது, அதைக் கொண்டுவரத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. கால்கோளுக்கும் பெரும்படைக்கும் உரையாசிரியர்கள் வேறு வேறு விளக்கம் தருகிறார்கள்; வரிசை மாறவில்லை. வாழ்த்துக் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் ஐந்தும் உடம்பு வணங்கிச் செய்ய வேண்டிய வேலை. கண்ணகிக்குக் கல் எடுத்ததைச் சொல்லும் சிலப்பதிகாரப் பகுதியின் காதைகளுக்கும் இதே பெயர்கள்தான்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. போர்க்களத்தில் செத்தவனுக்குரிய சடங்கை, மன்னனிடம் நேருக்கு நேர் நீதி கேட்ட ஒரு வணிகர் வீட்டுப் பெண்ணுக்கு நம் மரபு செய்து பார்த்தது. உங்கள் இளைஞர்களில் பெண்களும் இருப்பார்கள் அல்லவா, அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

தருமபுரிப் பக்கம் ஒரு கல்லை மைப்படி எடுக்கப் போயிருந்தேன். அங்கெல்லாம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் தலைமுறை தலைமுறையாகப் படிந்து, எழுத்தின் பள்ளமெல்லாம் தூர்ந்திருந்தது. பூசை செய்யும் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, வெந்நீரும் மென்மையான தூரிகையுமாகக் காலை முழுக்கத் துடைத்தோம். ஈரத் தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, துணிப்பந்தில் மை தொட்டு ஒற்றினால் எழுத்து வெள்ளையாக மேலே வரும். இரண்டாம் வரிக் கடைசியில் 'பட்டான்' எழுந்து வந்தது. அந்தக் குடும்பத்து மூதாட்டி என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "என்னவென்று எழுதியிருக்கிறது ஐயா?" என்று கேட்டார். மந்தையை மீட்கப் போய் இறந்துவிட்டான் அம்மா, பெயர் பாதி தேய்ந்துபோயிருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருந்திருக்குமே, அவர்களுக்கு யார் சோறு போட்டார்கள்?" என்றார்.

நான் படித்த படிப்பில் யாரும் என்னிடம் முதலில் கேட்டிராத கேள்வி அது. அந்தக் கல்லில் அதற்குப் பதில் இல்லை. வேறு கற்களில் இருக்கிறது. விழுந்தவன் குடும்பத்துக்கு நிலம் விட்டதைச் சில நடுகற்களும் கல்வெட்டுகளும் பதிவு செய்திருக்கின்றன. அதற்கு நெய்த்தோர்பட்டி என்று பெயர். நெய்த்தோர் என்றால் இரத்தம். உதிரப்பட்டி என்றும் சொல்வார்கள். கன்னட நாட்டிலும் இதே பொருளில் நெத்தரு கொடகெ உண்டு. எத்தனை குடும்பங்களுக்கு அந்த நிலம் உண்மையில் போய்ச் சேர்ந்தது, எத்தனை தலைமுறைக்கு நிலைத்தது என்று கணக்குச் சொல்ல முடியாது. நிலம் பற்றிய குறிப்பே இல்லாத கற்கள்தான் மிகுதி. ஆனால் கல்லை நட்டதோடு கடன் தீரவில்லை என்று அந்தச் சமூகம் அறிந்திருந்தது என்பதற்கு நெய்த்தோர்பட்டி என்ற ஒரு சொல் போதும். கல் அவனுக்கு, நிலம் அவன் பிள்ளைகளுக்கு. அவன் ஒரு கடமையைச் செய்தான். அதனால் இருப்பவர்கள்மேல் ஒரு கடமை விழுந்தது.

எல்லையில் நின்ற சிப்பாயோடு ஒப்பிடலாமா என்பதற்கும் இங்கிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களில், பள்ளிச் சுவரிலோ சாவடியிலோ, ஒரு சிறிய சலவைக்கல் பலகை பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த மகாயுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணிக்கை மட்டும். நான் பார்த்த ஒரு பலகையிலும் பெயர் கிடையாது. மெசபடோமியாவுக்கோ பிரான்சுக்கோ கப்பலேறிப் போய்த் திரும்பாத பையனின் பெயரை, அவன் பிறந்த ஊரின் பலகை சொல்லவில்லை. 7ஆம் நூற்றாண்டில் நாயின் பெயரைக்கூட வெட்டிவைத்த அதே மண்ணில் இது நடந்தது. அந்தப் பலகையை வைத்தது பேரரசு. நடுகல்லை நட்டது ஊர், அல்லது ஊரறிந்த தலைவன். பெரியவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இருவரும் ஒன்றா என்று அளப்பது நம் வேலை இல்லை ஐயா, நம் ஊரிலிருந்து படைக்குப் போய்த் திரும்பாதவர்கள் பெயர் நமக்குத் தெரியுமா, அவர்கள் வீட்டுக்கு யாராவது போகிறோமா? உங்கள் ஊரில் அப்படி ஒரு பலகை இருந்தால், அதிலுள்ள எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பெயர்களைப் பழைய குடும்பங்களில் விசாரித்து எழுதிவைப்பதே பெரிய காரியம். நூறு ஆண்டுதான் ஆகிறது, சில வீடுகளில் இன்னும் பதக்கமோ கடிதமோ பெட்டிக்குள் இருக்கும்.

விழா நடத்துங்கள். ஆனால் சிலவற்றைச் செய்யாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். கல்லை நகர்த்தாதீர்கள், நீங்களாக நிமிர்த்தவும் வேண்டாம். அது நிற்கும் இடமே ஒரு சான்று. பழைய வழித்தடமும் ஊரெல்லையும் மேய்ச்சல் நிலமும் எங்கே இருந்தன என்பது கல் நிற்கும் இடத்திலிருந்துதான் தெரியவரும். கிராம நிர்வாக அலுவலருக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் எழுதிக் கொடுத்து, அவர்கள் வந்து பார்த்த பிறகு நிமிர்த்தலாம். பெயின்ட் அடிக்காதீர்கள். எழுத்து தெரியட்டும் என்று கம்பியாலோ அரத்தாலோ சுரண்டாதீர்கள். ஆயிரம் ஆண்டு மழையால் அழியாததை ஒரு பிற்பகலில் அழித்துவிட்டுக் கைபிசைந்து நின்ற ஊர்களை நான் கண்டிருக்கிறேன். கும்பிடுபவர்களைத் தடுக்காதீர்கள். அவர்கள் கும்பிட்டதால்தான் அது துவைக்கிற கல்லாகவோ கால்வாய்ப் பாலத்தின் பலகையாகவோ போகாமல் தப்பியது. எண்ணெயை மட்டும் எழுத்துப் பக்கம் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் கேட்பார்கள்.

இன்னொன்று, இதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். கல்லைச் சுத்தம் செய்த மறுநாளே, "இவர் எங்கள் ஆள்" என்று ஒரு சாதிச் சங்கத்தின் பலகை வரக்கூடும். பல ஊர்களில் வந்திருக்கிறது. நான் படித்த கற்களில் பெரும்பாலானவற்றில் இன்று நாம் சாதி என்று சொல்வதன் பெயரே கிடையாது. ஆள் பெயரும் தலைவன் பெயரும் ஊர்ப் பெயரும்தான் உண்டு. அவற்றை வைத்து இன்றைய சாதியைக் கண்டுபிடிப்பதாகச் சொல்பவர்கள் ஊகிக்கிறார்கள். மந்தை ஒரு வீட்டுடையதாகவும் இருந்திருக்கலாம், ஊர் முழுவதன் கால்நடையும் ஒன்றாக மேய்ந்ததாகவும் இருந்திருக்கலாம். ஆனால் கல்லை ஒரு தெருவுக்குச் சொந்தமாக்கிவிட்டால் நீங்கள் நினைத்த நோக்கம் அன்றோடு முடிந்தது. எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வந்து கல்லடியில் நிற்க முடியாது என்ற நிலை உங்கள் ஊரில் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள், விழா அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 15 நல்ல நாள், அன்று கிராம சபையும் கூடும். மாலையும் ஒலிபெருக்கியும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எழுத்தைப் படித்து முடித்திருந்தால், அந்த இரண்டு வரியை ஒரு மாணவி சபையில் உரக்க வாசிக்கட்டும். பிறகு சபையின் வேலை நடக்கட்டும்: ஏரியின் நீர்வரத்து வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, மேய்ச்சல் புறம்போக்கில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, சென்ற ஆண்டு வந்த பணம் எங்கே போனது. அவன் மந்தைக்காக விழுந்தவன் என்றால், அந்த மந்தை குடித்த ஏரி அதுவாக இருக்கலாம், மேய்ந்த நிலம் அந்தப் புறம்போக்காக இருக்கலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் இப்போது கிராம சபை கூடுகிறது. கரையில் நிற்கும் கல்லுக்கு அந்த நாளே இன்னும் பொருத்தம் என்பேன். ஏரி வற்றத் தொடங்கும் பருவம், தூர்வாரும் பேச்சை எடுக்கலாம்.

அதற்கு முன் எனக்கு நல்ல படம் வேண்டும். நடுப்பகலில் எடுத்தால் எழுத்து தெரியாது. விடிந்து அரைமணி நேரத்துக்குள், அல்லது இருட்டிய பிறகு டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் பிடித்து, வரி வரியாக எடுங்கள். எழுத்தில் சுண்ணமோ மாவோ பூசாதீர்கள், நாம் எதை எழுத்தென்று நினைக்கிறோமோ அதைத்தான் பூசுவோம், அப்புறம் படிப்பவருக்கும் அதுவே தெரியும். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து ஒரு படம், காலடி விலங்கை மட்டும் கிட்டத்தில் ஒரு படம், கல்லின் இரு பக்கங்களும் பின்புறமும். சில நடுகற்களில் கடைசி வரி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். நிலம் விட்ட செய்தி இருந்தால் அங்கே இருக்கக்கூடும், அதனால் தொல்லியல் அலுவலர் வரும் நாளில் அடியில் ஒரு சாண் மண்ணை அவர் முன்னிலையில் கையால் விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.